கீழத்தெரு வழியாகப் பினாங்கு

நான் முதன்முதலாகப் போன வெளிநாடு கீழத்தெரு. காரைக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு குறுக்குச் சந்தைக் கடந்தால் வந்துவிடும். கடல், கப்பல், பினாங்கு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைச் சொன்னபோது பினாங்கில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு எங்கள் பெரியப்பச்சியைத் தெரியாது. என் அப்பாவான அப்பச்சி காலமான பிறகு அவருடைய அண்ணனான பெரியப்பச்சி வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் அவர் முகச்சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார். நல்ல நாள் வாய்க்காமல் போனால் தாடியோடு திரிவார்.

அறுபதுகளின் பிற்பாதி அது. பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குக் கணக்குப் பிள்ளை வேலை கிடைத்திருந்தது. மூன்று வருஷத் தவணை. நாகப்பட்டினத்திலிருந்து வியாழக்கிழமை கப்பல். அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் வருவதற்குள் அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி காலாவதியாகிவிடும், வேலையும் இன்னொருவனுக்குப் போய்விடும். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட பெரியப்பச்சி, பஞ்சாங்கத்தை மூடிவைத்தார்.

"புதன், வியாழன் ரெண்டுமே உன் நட்சத்திரத்துக்கு ஆகாது. ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பிரு."

"ஞாயித்துக்கிழமையே நாகப்பட்டினம் போயி அத்தனை நாள் என்ன செய்ய, பெரியப்பச்சி?"

"நாகப்பட்டினத்துக்கு யாரு போகச் சொன்னா? கீழத்தெருவுக்குப் போ."

இதற்குப் பெயர் பரஸ்தானம். பயணம் போகும் நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கெட்ட நாளில் வண்டி ஏறினாலும் கிரகங்கள் கேள்வி கேட்காது. மற்ற வீடுகளில் பெட்டி மட்டும்தான் போகும். ஆள் தன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டு இருப்பான். பெரியப்பச்சிக்கு அந்த ஏமாற்று வேலை பிடிக்காது. "பினாங்கில வேலை பெட்டிக்கா, உனக்கா?" என்று கேட்டார். ஆகவே நானும் பெட்டியோடு போனேன். போனவன் தவணை முடிந்து திரும்பும்வரை எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது.

கிளம்பும்போது எனக்கிருந்த ஒரே மனக்குறை என் மனைவி உமையாள். தலைப்பிரசவத்துக்காகக் கல்லலில் தன் பிறந்த வீட்டில் இருந்தாள். முந்தின வாரம் போய்ச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். பிள்ளை பிறக்க இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். முகம் தெரியாத பிள்ளையை விட்டுவிட்டு மூன்று வருஷம் கடல் கடந்து போவது எனக்கு ஆறவே இல்லை. வெளியே சொன்னால் ஆம்பிளைக்கு இது அழகா என்பார்கள், அதனால் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் குங்குமம், நிறைகுடம், கண்ணீர் எல்லாவற்றோடும் வழியனுப்பினார்கள். ஆத்தா என்னைக் கட்டிக்கொண்டு, "மகராசனாப் போயிட்டு வாப்பா" என்று அழுதாள். மூன்று நிமிஷத்தில் சேருமிடம் போய்ச் சேர்ந்தேன்.

கீழத்தெருவில் தங்கியது சொக்கலிங்கம் அத்தான் வீட்டில். அத்தானும் அவர் மனைவி சிகப்பி ஆச்சியும் நல்ல மனிதர்கள். ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதான். முதல் அதிர்ச்சி காபி. எங்கள் தெருவில் காபி என்றால் நாக்கில் ஒட்டும். இங்கே சிக்கரி தூக்கலாக, கஷாயத்துக்கு அண்ணன் முறையில் இருந்தது. இட்லிக்கு எங்கள் வீட்டில் வரமிளகாய்த் துவையல், இவர்களுக்குத் தேங்காய்ச் சட்னி. உள்ளூர்வாசிகள் அதை விரும்பிச் சாப்பிட்டார்கள்.

தண்ணீர் வேறு. எங்கள் தெருக் கிணறு இனிப்பு, கீழத்தெருக் கிணறு லேசாகக் கரிக்கும். வீட்டு நினைவு வந்தால் மாடிக்குப் போய் நின்றுகொள்வேன். எங்கள் வீட்டுக் கொடியில் என்னுடைய பழைய பனியன் காய்ந்துகொண்டிருப்பது தெரியும். எதிரே வந்தவர்கள் எல்லாம், "என்னப்பா, இன்னும் போகலையா?" என்று கேட்டார்கள். "போயாச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் நிலைமையைக் கண்டு ஆத்தா மனமிரங்கி, ஞாயிறும் திங்களும் வீட்டிலிருந்து எடுப்புச் சாப்பாடு அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை காலை அது வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. சாயங்காலம் அண்ணன் வயிரவன் வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஆத்தாவுக்கு முட்டுவலி. அதான் சமைக்கலை" என்றான்.

"நாளைக்கு வழியனுப்ப வருமா?"

"எப்பிடி வரும்? முட்டுவலிங்கிறேன்ல?" என்று எரிந்து விழுந்துவிட்டு, திண்டாடித் தடுமாறிச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். சிகப்பி ஆச்சி என்னைப் பார்ப்பதும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போவதுமாக இருந்தாள். நான் முகப்பில் வந்து உட்கார்ந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மழை பெய்து பல மாதமாகியிருந்தது. எல்லாம் பிரிவுத் துயரம் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

புதன்கிழமை காலை வேன் வந்தது. அது ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகைக்கு விளம்பரம் செய்த வண்டி. மேலே பச்சை பெயிண்ட் அடித்திருந்தாலும், பக்கவாட்டில் 'இன்றே கடைசி' என்ற எழுத்துகள் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தன. பெரியப்பச்சி அதைப் படித்துவிட்டு இரண்டு அடி பின்வாங்கினார். வெளிநாடு போகிறவனை ஏற்றிச் செல்லும் வண்டியில் இப்படியா எழுதியிருக்க வேண்டும்! உடனே ஜமுக்காளம் கொண்டுவரச் சொல்லி, அந்த எழுத்துகளை மூடிக் கட்டும் வேலையில் அண்ணனையும், வழியனுப்ப வந்த இரண்டு பங்காளிகளையும் இறக்கிவிட்டார்.

நான் முன்பக்கம் போய் டிரைவர் காதர் பாயிடம் பேச்சுக் கொடுத்தேன். தேவகோட்டைக்காரர். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ரெட்டைச் சந்தோசமாப் போறீக! நேத்து உங்க ஆத்தாவ நாந்தான் கல்லல்ல கொண்டுபோயி விட்டேன். கை நெறையாச் சீனி அள்ளிக் குடுத்தாக. பொம்பளப் பிள்ளையாம்ல. மகாலெட்சுமி வந்துருக்கா, அப்புறம் என்ன?"

எனக்கு ஒரு கணம் காது அடைத்துப்போயிற்று. பிறகுதான் எல்லாம் விளங்கியது. திங்கட்கிழமை ராத்திரியே எனக்கு மகள் பிறந்துவிட்டாள். பிள்ளை பிறந்தால் அப்பன் வீட்டாருக்குத் தீட்டு. தீட்டு கழியும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியத்துக்கும் கடல் பயணத்துக்கும் புறப்படக் கூடாது. தீட்டு கழிவதற்குள் கப்பல் பினாங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால், தீட்டு என்பது சேதி காதில் விழுந்த பிறகுதான் ஒட்டும் என்பது எங்கள் பெரியவர்கள் வைத்திருக்கும் சலுகை. எனவே எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். கப்பலையும் விடக் கூடாது, சாஸ்திரத்தையும் விடக் கூடாது. ஊரே சேர்ந்து என் காதைப் பொத்தியிருக்கிறது.

ஊர் முழுக்கச் சொல்லிவைத்தவர்கள், தேவகோட்டை டிரைவரிடம் சொல்ல மறந்துபோனார்கள்.

"பாய், நீங்க சொன்னது எனக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன தெரியாது?"

"எனக்குப் பிள்ளை பிறந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் போக முடியாது. யார்கிட்டயும் சொல்லிறாதீக."

காதர் பாய் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தார். "எத்தனையோ சவாரி போயிருக்கேன். பிள்ளை பொறந்ததை அப்பன்கிட்டயே ஒளிக்கிற சவாரி இதான் மொதத் தடவை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நீடிக்கவில்லை. கல்லல் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ரயிலில் ஏறினால் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் வந்துவிடும். அங்கே என் மகள் இருக்கிறாள். நான் எதிர்த்திசையில், எதுவும் தெரியாதவனாக, ஜமுக்காளம் கட்டிய வண்டியில் போக வேண்டும்.

வேன் ஊர் எல்லையில் இருக்கும் பிள்ளையார் கோயில் முன் நின்றது. கடல் கடந்து போகிறவன் அங்கே சிதறுதேங்காய் போட்டு, உள்ளே போய்த் திருநீறு பூசிக்கொண்டுதான் போக வேண்டும். நாங்கள் இறங்கினோம். பூசாரி கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்.

யாரும் உள்ளே போகவில்லை.

"எனக்குப் படி ஏற முடியாது, மூச்சு வாங்குது" என்றார் ஒரு பங்காளி. அந்தக் கோயிலுக்கு ஒரே ஒரு படி. "நான் செருப்பைப் பாத்துக்கிறேன்" என்றார் மற்றவர். அவர் வெறுங்காலோடு வந்திருந்தார். அண்ணன், ஜமுக்காளத்தின் முடிச்சு அவிழ்கிறது என்று வண்டிப் பக்கம் ஓடினான். பெரியப்பச்சி, வாழ்நாளில் அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்தச் சாலையைக் கடந்ததே இல்லாத பெரியப்பச்சி, ஆகாயத்தைப் பார்த்தார். தீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே. ஒன்றும் அறியாத நான் மட்டும் உள்ளே போகலாம்.

"நீ போயிட்டு வாப்பா" என்றார்.

நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் கால் வரவில்லை. மனிதர்களிடம் தெரியாது என்று சொல்லிவிடலாம், பிள்ளையாரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கும் எனக்கும் நடுவில் காதர் பாய் சொன்ன சேதி நின்றது.

"கால்ல முள்ளுக் குத்திருச்சு, பெரியப்பச்சி. இங்கேருந்தே கும்பிட்டுக்கிறேன்."

பெரியப்பச்சி என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார். ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தும் உள்ளே ஒருவரும் வராத திகைப்பில், பூசாரி தானே தீபாராதனை காட்டி, தானே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வண்டி வடக்கே திரும்பப் போகும் நேரத்தில் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரியப்பச்சியோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவனுக்கு அந்த அளவுக்காவது மூளை வேலை செய்ய வேண்டும்.

"பெரியப்பச்சி, இன்னைக்குப் புதன்கிழமை. வடக்கே சூலம்."

புதன்கிழமை வடக்கு நோக்கிப் பயணம் தொடங்கக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். "நீதான் ஞாயித்துக்கிழமையே கெளம்பியாச்சே. உனக்கு என்ன சூலம்?" என்றான் அண்ணன்.

"நான் கெளம்பியாச்சு. வண்டி இன்னைக்குத்தானே கெளம்புது?"

பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டிக்குச் சூலம் உண்டா என்பது பற்றி முன்னோர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

"அதுக்கு என்ன செய்யணுங்கிறே?" என்றான் அண்ணன்.

"கொஞ்ச தூரம் தெக்கே போயிட்டுத் திரும்பிப் போனா தோஷம் கழிஞ்சிரும்."

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் பெரியப்பச்சி.

"கல்லல் வரைக்கும்" என்றேன்.

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. "அங்கெல்லாம் போகக் கூடாது! அங்க... அங்க உமையாளுக்குக் காய்ச்சலு. தொத்திக்கிரும்!" என்று கத்தினான். பெரியப்பச்சி அவனைக் கையமர்த்தினார். "தம்பி சொல்றதும் சரிதான். வண்டியைத் தெக்கே விடுங்க, பாய்" என்றார். காதர் பாய் என்னைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அதற்குள் ஜமுக்காளம் காற்றில் எழும்பிக் கண்ணாடியை மூடிவிட்டது.

கல்லலில் என் மாமியார் வீட்டு வாசலில் எங்கள் வேனைக் கண்டதும், தீ பிடித்த மாதிரி ஆகிவிட்டது. யாரோ உள்ளே ஓடினார்கள். யாரோ கதவைச் சாத்தினார்கள். முதலில் வெளியே வந்தது, முட்டுவலியால் காரைக்குடியில் படுத்த படுக்கையாக இருந்த என் ஆத்தா. கையில் வெந்நீர்ச் செம்பு.

"முட்டுக்கு எண்ணெய் வாங்கலாம்னு வந்தேன்" என்றாள். கல்லலில் யாரும் எண்ணெய் விற்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"நல்லதுத்தா" என்றேன்.

மாமியார் வந்தார். உமையாள் தூங்குகிறாள், காய்ச்சல், பக்கத்தில் போகக் கூடாது, மோர் சாப்பிட்டுவிட்டு உடனே புறப்படுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். முற்றத்து வளவில் நின்றபடியே மோரை வாங்கிக் குடித்தோம். பாதி குடித்திருப்பேன். உள்ளே பிள்ளை அழுதது.

பச்சைப் பிள்ளையின் அழுகை, கதவு மரத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளையின் குரலை நான் முதன்முதலாகக் கேட்கிறேன், ஆனால் என்ன சத்தம் என்று கேட்கும் முகத்தோடு நிற்க வேண்டும்.

"அது வந்து... பக்கத்து வீட்டு மீனாட்சி பிள்ளை. சும்மா கொண்டாந்து போட்டிருக்காக" என்றார் மாமியார்.

போச்சு, இதோடு புறப்பட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது பெரியப்பச்சி தொண்டையைக் கனைத்தார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைதானே? வெளியே கொண்டாங்க. கடல் தாண்டிப் போறவன் பச்சைப் பிள்ளை முகத்துல முழிச்சுட்டுப் போகணும். சாஸ்திரம்."

அப்படி ஒரு சாஸ்திரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. அவருடன் இருந்த பங்காளிகளுக்கும் அது தெரியும். அண்ணன் வாயைத் திறந்தான், பெரியப்பச்சி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மாமியார் பிள்ளையைத் துணியில் சுற்றி நிலைப்படிவரை கொண்டுவந்தார். என்னிடம் தரவில்லை, நானும் கை நீட்டவில்லை. தொட்டால் தீட்டு. சிவந்துபோய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, உலகத்தின் மேல் ஏதோ கோபம் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். தலை நிறைய முடி. ஒரு கை துணிக்கு வெளியே வந்து எதையோ தேடியது. அதைப் பிடித்துக்கொள்ள என் விரல் எப்படித் துடித்தது என்று இப்போதும் எழுதத் தெரியவில்லை.

"பிள்ளை நல்லா இருக்கு. மீனாட்சிட்டச் சொல்லுங்க" என்றேன்.

சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து உமையாளின் குரல் வந்தது. காய்ச்சலில் தூங்குகிறவள் பேசினாள்.

"அம்மா, மீனாட்சி புருசன் எப்ப வருவாராம்னு கேளுங்க."

மாமியார் திகைத்துப்போய் என்னையும் கதவையும் பார்த்தார்.

"மூணு வருசத்துல வந்துருவாருன்னு சொல்லுங்க, அத்தை" என்றேன்.

"காயிதமாவது போடுவாராமா?"

"வாரா வாரம் போடுவாரு."

"பிள்ளைக்குப் பேரு?"

எங்களில் தலைப்பிள்ளை பெண்ணானால் அப்பாவைப் பெற்றவள் பெயரை வைப்பதுதான் வழக்கம். என் ஆத்தா செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவுக வீட்டு முறைப்படி வெச்சுக்கிறட்டும்" என்றேன். கதவுக்குப் பின்னால் உமையாள் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அழாமல் மிச்ச மோரைக் குடித்தேன். அதில் உப்பு அதிகம்.

அதன் பிறகு வழியெல்லாம் ரேடியேட்டர் கொதித்ததும், ஊருக்கு ஊர் இறங்கிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டதும், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிளப்புக் கடையில் சாம்பாரை வெல்லம் போட்டுக் கெடுத்து வைத்திருந்ததும் பெரிய விஷயமில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு சத்திரத்தில் படுத்தோம். வண்டியில் வந்த யாரும் கல்லலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பச்சி மட்டும், சீப்புச் சீடை டப்பாவை என் பெட்டியில் வைக்கும்போது, "கால்ல முள்ளு இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். "இன்னும் இருக்கு, பெரியப்பச்சி" என்றேன். "இருக்கும்" என்றார்.

கப்பல் கரைக்கு வரவில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. எங்களைப் படகில் ஏற்றினார்கள். கீழத்தெருவை வெளிநாடாக நினைத்து நான்கு நாள் வாழ்ந்தவனுக்கு, அந்த அலையில் முதல் ஆட்டத்திலேயே குடல் வாய்க்கு வந்துவிட்டது. கரையில் அண்ணனும் பங்காளிகளும் துண்டை ஆட்டினார்கள். காதர் பாய் கையைத் தூக்கி நின்றார். படகு கரையை விட்டு நன்றாக நகர்ந்து, இனி யார் நினைத்தாலும் திருப்ப முடியாது என்று ஆனதும், பெரியப்பச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை ஓடிவந்தார். படகேறியவனைத் தீட்டு கரைக்கு இழுக்காது என்பது அவர் கணக்கு.

இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, தெருவில் யாரும் அவர் உரக்கப் பேசிக் கேட்டறியாத அந்த மனிதர், கடலுக்கே கேட்கும்படி கத்தினார்.

"டேய்! உனக்கு மகள் பொறந்திருக்காடா! கல்லல்ல பாத்தியே, அதான்டா உன் மகள்! நல்லாப் பாத்தியாடா?"

நான் தலையை ஆட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்காது என்று எழுந்து நின்று ஆட்டினேன். படகுக்காரன் அதட்டி உட்காரவைத்தான்.

பக்கத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த திருவாரூர்க்காரர், என் கண்ணைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்டார்.

"என்ன தம்பி சொல்றாரு? ஏதும் கெட்ட சேதியா?"

"இல்லைங்க. எனக்கு மகள் பிறந்திருக்காளாம்."

"அடடே! எப்ப?"

"இப்பத்தான்" என்றேன்.